லிஃப்டுக்குள் ஒரு கருத்துக்கணிப்பு

நம் அலுவலகங்களில் ஓர் இனம் பெருகிவருகிறது. கருத்துக் கேட்பவர் என்று பெயர். ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? எழுந்து போய்த் திறப்போம். இவர் மாட்டார். 'ஜன்னல் திறப்பு: உங்கள் எண்ணம்' என்று ஆன்லைனில் ஒரு படிவம் தயாரித்து, அதில் ஏழு கேள்வி வைத்து, ஏழுக்கும் பக்கத்தில் 'கட்டாயம்' என்று சிவப்பு நட்சத்திரம் போட்டு, நாற்பது பேருக்கும் அனுப்பி, பதில் போடாதவர்களுக்கு நினைவூட்டலும் அனுப்பி, அந்த நினைவூட்டல் பிடித்திருந்ததா என்று இன்னொரு படிவமும் அனுப்புவார். அதற்குள் மழை வந்துவிடும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் இயங்கும் மென்பொருள் கம்பெனியின் நிர்வாக மேலாளர் வெற்றிச்செல்வன், இந்த இனத்தில் முதல் தரம். டீக்கு இஞ்சியா, ஏலக்காயா என்று அவர் நடத்திய கணிப்பு மூன்று வாரம் ஓடி, இரண்டும் சமம் என்று முடிந்தது. வட்ட வரைபடம் அழகாக இருந்தது. டீ வெறும் டீயாகவே வந்தது. அண்ணனூரில் அவர் வீட்டிலும் இது நடந்துகொண்டுதான் இருந்தது. 'இரவு உணவு: இட்லியா, தோசையா?' என்ற படிவத்தில் 'மற்றவை' என்ற இடத்தில் மனைவி எழிலரசி 'பட்டினி' என்று எழுதி அனுப்பிய பிறகு அங்கே மட்டும் நிறுத்திக்கொண்டார்.

அலுவலகத்தில் அந்தத் துணிச்சல் யாருக்கும் இல்லை. அவரிடமிருந்து எது வந்தாலும் படிக்காமலே 'கருத்து இல்லை' என்பதைத் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து, அதன்மேல் இரண்டு டம்ளர் மோரும் குடித்துவிட்டு அவர் லிஃப்டில் ஏறினார். கூடவே துப்புரவு வேலை பார்க்கும் கமலம், மாப்புக் கட்டையோடு. இரண்டாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது.

வெற்றிச்செல்வன் அவசர மணியை அழுத்தினார். சத்தமே இல்லை.

"அது கெட்டுப்பூட்டு ஆறு மாசம் ஆச்சு சார்," என்றாள் கமலம். "ரிப்பேர் பண்லாமா வாணாமான்னு நீங்கதான் எல்லாரையும் கேட்டுகினு கீறீங்க."

அவர் அதைக் காதில் வாங்காமல் போனை எடுத்தார். சிக்னல் ஒரே ஒரு கோடு.

"யாருக்காச்சும் போன் போடு சார்!"

"ஒருத்தருக்குப் போட்டா மத்தவங்க வருத்தப்பட மாட்டாங்களாம்மா?"

படிவம் தயாரானது. 'லிஃப்டில் சிக்கியவர்களை மீட்பது குறித்து.' மீட்கலாமா? எப்போது மீட்கலாம்: உடனே, மாலைக்குள், இந்த வாரத்துக்குள்? கடைசியில், வேறு ஆலோசனை ஏதும் உண்டா?

ஐந்தே நிமிடத்தில் முப்பத்தெட்டுப் பதில்! இவ்வளவு வேகம் அவர் வாழ்நாளில் கண்டதில்லை. ஆவலோடு திறந்தார். முப்பத்தேழு பேருக்குக் கருத்து இல்லை. மீதி ஒருவர் ஆலோசனையில் 'ஏலக்காய்' என்று எழுதியிருந்தார்.

மோர் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. வெற்றிச்செல்வன் ஒரு நினைவூட்டல் அனுப்பினார். கால் மாற்றி நின்றார். இரண்டாவது நினைவூட்டலை 'மிக அவசரம்' என்று அனுப்பினார். நெற்றி வியர்த்தது. நாற்பது பேர் இருக்கிற அலுவலகத்தில் நம்மைக் காப்பாற்ற ஓர் ஆள் இல்லையே என்று நொந்துகொண்டார்.

"இன்னா சார், ஒத்தக் கால்ல நிக்கிறே? இந்தக் கட்டயால கதவத் தட்டட்டா?"

"அதுக்கு முதல்ல எல்லார்கிட்டயும்..." என்று தொடங்கியவர் பல்லைக் கடித்துக்கொண்டார். "தட்டுங்கம்மா! உடனே தட்டுங்க!"

பதினோரு வருட உத்தியோகத்தில் அவர் தனியாக எடுத்த முதல் முடிவு.

கமலம் மாப்புக் கட்டையைத் திருப்பிப் பிடித்து இடித்தாள். "யோவ் ராகவா! லிஃப்டாண்ட ஓடியா! மேனேஜர் சாருக்கு அர்ஜென்ட்டுயா!"

வாட்ச்மேன் ராகவன் சாவியோடு ஓடிவந்து கதவைத் திறந்தார். சத்தம் கேட்டு அலுவலகமே படியில் கூடி நின்று கைதட்டியது. வெற்றிச்செல்வன் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், நன்றிகூடச் சொல்லாமல், வராந்தாக் கோடியை நோக்கிப் பறந்தார்.

மறுநாள் காலை ஒருவரையும் கேட்காமல் ஆள் வரவழைத்து மணியைச் சரிசெய்தார். மனிதர் திருந்திவிட்டார் என்று எல்லோரும் மூக்கில் விரல் வைத்தார்கள். பதினோரு மணிக்கு மெயில் வந்தது: 'புதிய மணியின் ஓசை: உங்கள் மதிப்பீடு.' இந்த முறை 'கருத்து இல்லை' என்ற விடையையே எடுத்துவிட்டிருந்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதை உங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'நம்மில் இது யார்?' என்று நாலு பெயரோடு ஒரு வாக்கெடுப்பு வைத்தால் என்ன என்று இப்போது உங்களுக்குத் தோன்றியிருந்தால், மற்ற மூன்று பெயரைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் பெயர் ஒன்றே போதும்.