மாப்பிள்ளைக்கு, சைக்கிள் விஷயமாக

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மகள் காலையில்தான் போனில் பேசினாள், நலமாகத்தான் இருக்கிறாள். இருந்தாலும் கடிதம் என்றால் கேட்டுத்தானே ஆக வேண்டும். நாளை அவள் இங்கே வரும்போது இதை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் "சரி மாமா" என்று நீங்கள் இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவீர்கள்.

விஷயம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை நான் உங்களோடு சைக்கிளில் வருவதாக இல்லை. தயவுசெய்து தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போன தடவை கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மாமா, அடுத்த ஞாயித்துக்கிழமை என்கூட ஏரிக்கரை மண்ரோட்டுல சைக்கிள்ல வாங்களேன்" என்றீர்கள். "அதுக்கென்ன, வர்றேன்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நாம் பேசிக்கொண்டதிலேயே பெரிய பேச்சு அதுதான். நீங்கள் பல் டாக்டர். உங்கள் எதிரில் வாயைத் திறக்கவே எனக்கு யோசனை. நான் தையல்காரன்; உங்கள் ரெடிமேட் சட்டையின் தோள் தையல் இறங்கி நிற்பதைப் பார்த்துவிடுவேனோ என்று உங்களுக்குக் கூச்சம். பார்க்கத்தான் செய்கிறேன், என்ன பண்ணுவது. "வெயில் ஜாஸ்தி", "ஆமாம் மாமா" என்று எத்தனை நாள்தான் ஓட்டுவது? நீங்களாகக் கூப்பிட்டதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கிராவல் பைக் என்று மகள் சொன்னாள். தார் ரோட்டிலும் ஓடும், சரளைக் கல்லிலும் ஓடும், அவரிடம் இருப்பதும் அதுதான் என்றாள். சைக்கிள் கடைக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்து, "எந்த மாதிரி ஓட்டுவீங்க சார்?" என்றது. "உட்கார்ந்துதாம்மா" என்றேன். டயர் எவ்வளவு அகலம், பிரேக் எந்த வகை, முன்னால் பல்சக்கரம் ஒன்றா இரண்டா என்று அது கேட்டுக்கொண்டே போக, நான் எல்லாவற்றுக்கும் "நல்லதா பார்த்துக் குடும்மா" என்றேன். கடைசியில் உள்கால் அளவு கேட்டது. யாரிடம்? என்னிடம்! "வெறுங்கால்ல சுவத்துல சாஞ்சு நின்னு, ஒரு தடிப் புத்தகத்தைக் கால் நடுவுல நல்லா மேல ஏத்திப் பிடிச்சு, தரையிலேர்ந்து அளங்க சார்" என்றது. மாமனார் மாப்பிள்ளைக்கு எழுதக்கூடிய சங்கதியா இது, ஆனால் நடந்ததைச் சொல்லித்தானே ஆக வேண்டும். எனக்கு வந்ததே கோபம். ஊரில் பாதிப் பேருக்கு உள்கால் அளந்தவன் நான். புத்தகமும் வேண்டாம் சுவரும் வேண்டாம் என்று, எனக்கு நானே தைத்துக்கொள்ளும் பேண்ட்டின் அளவை மனப்பாடமாகச் சொன்னேன். பேண்ட்டுக்கு மேலே கொஞ்சம் லூஸ் விடுவோம், கீழே தரையில் புரளாமல் தூக்கி நிறுத்துவோம், அது தொழில் முறை. சைக்கிளும் காலுக்கு மாட்டுவதுதானே?

ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று வண்டியை வீட்டுக்கே அனுப்பினார்கள். இறக்கி வைத்துப் பார்த்தால் பெல் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மட்கார்டு இல்லை, பெடலும் இல்லை. கொண்டுவந்த டிரைவரை நிறுத்தி ஒரு பாட்டம் சத்தம் போட்டேன். "இந்த மாதிரி வண்டிக்குப் பெடல் தனியாத்தான் சார் வாங்கணும்" என்றார். பொத்தான் இல்லாமல் சட்டை கொடுத்தால் என்னைச் சும்மா விடுவார்களா? பழைய சைக்கிளின் பெடலை உங்கள் அத்தைதான் கழற்றி மாட்டினாள். இடது பெடலை எதிர்ப்பக்கம் திருக வேண்டுமாம், இதெல்லாம் அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏறி உட்கார்ந்தால் முழங்கால் வயிற்றை இடிக்கிறது. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாரைக் குனிந்து பிடித்தால் என் சட்டைப் பொத்தான் தெரிகிறதே ஒழிய ரோடு தெரியவில்லை. முனையில் திரும்பும்போது செருப்பு முன்சக்கரத்தில் உரசி, எதிர்வீட்டு வக்கீலின் செடிவேலிக்குள் போய்ச் சாய்ந்தேன். அந்த மனுஷன் என்னையும் பார்க்கவில்லை, செடியையும் பார்க்கவில்லை, "என் பேண்ட் ரெடியா?" என்கிறார். அவர் பேண்ட் கதையைக் கேளுங்கள் மாப்பிள்ளை. இந்த வண்டியையே வச்சுக்கலாமா, டயர் இன்னும் ஒல்லியா கேட்கலாமா, இல்ல குண்டா கேட்கலாமான்னு யோசிச்சுக்கிட்டே வெட்டினதுல, ரெண்டு இடதுகால் வெட்டிட்டேன். வலதுகாலுக்குத் துணி இல்லை.

"அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி ஒரு தடவை அளந்துதான் பாருங்களேன்" என்றாள் உங்கள் அத்தை.

"நானா? புத்தகத்தை வச்சா?"

"புத்தகம் ஒண்ணும் கடிக்காது."

நான் மசியவில்லை. என் அளவு தப்பென்றால் இத்தனை வருஷம் நான் அளந்ததெல்லாம் என்னாவது? வண்டிதான் சரியில்லை. இதை எழுதுவதற்குள் நாலைந்து தடவை எழுந்து போய் அதை முறைத்துவிட்டு வந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விழுந்துவிடுவேன் என்று பயமில்லை. நீங்கள் முன்னால் போக, நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வர, எனக்காக நீங்கள் நின்று நின்று சலித்துப்போய், அப்புறம் கூப்பிடவே மாட்டீர்களே என்றுதான் பயம். வராமல் இருந்துவிட்டால், இன்னொரு நாள் கூப்பிடுவீர்கள் என்ற நினைப்பாவது மிஞ்சும். ஆகவே வண்டி திரும்பப் போகிறது.

மகளுக்கு என் ஆசிகள். உங்கள் கைக்கு வரும் பற்களெல்லாம் வலிக்காமல் பிடுங்கப்படட்டும். இருவரும் எல்லா நலனோடும் நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் செல்லாது. உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்த என்னை உங்கள் அத்தை சுவரோரம் நிறுத்தி, அகராதியைக் கொண்டுவந்து, அளந்தே விட்டாள். இரண்டு அங்குலம் வித்தியாசம். கடைக்குப் போனும் அவளே போட்டாள். என் அளவு வண்டி சனிக்கிழமை வருகிறது. சின்னதைத் திருப்பி அனுப்பவும் வழியில்லை. அவள் அதில் ஏறி, தெருமுனை வரை போய், ஒரு இலைகூட உதிராமல் திரும்பி வந்துவிட்டாள். தனக்கே தைத்த மாதிரி இருக்கிறதாம். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேருமே வர்றோம். அவ முன்னாடி போயிடுவா, போகட்டும், விட்டுடுங்க. நீங்க மட்டும் கொஞ்சம் மெதுவா, என் பக்கத்துல வாங்க மாப்பிள்ளை. பேசணும்னுகூட இல்லை.