நீராவி வண்டிக்கு மூணு பஸ்

பஸ்ஸுலயா? தாராளமா வரலாம் சார். கார்லதான் வரணும்னு யாரு சொன்னது? மார்க்கெட் முனையில பதினேழாம் நம்பர் ஏறுங்க. நேரா இந்த ஸ்டேஷன் வாசல்ல இறக்கி விட்டுடும். நடுவுல ஒரு குட்டித் தூக்கம்கூடப் போடலாம்.

ஆனா முதல் தடவை நான் மூணு பஸ் மாறி வந்தேன். ஏன்னு கேக்காதீங்க.

கேட்டுட்டீங்களா? சரி, உக்காருங்க. எஞ்சினுக்குத் தண்ணி பிடிச்சிட்டு இருக்காங்க, நேரம் இருக்கு. உங்க வீட்டம்மா எங்க? எஞ்சினைப் பார்க்கப் போயிருக்காங்களா? தனியாவா?

ம். அப்ப இந்தக் கதை உங்களுக்குக் கட்டாயம் உபயோகப்படும்.

நான் பஸ் டிப்போவுல டைம் கீப்பர். எந்த வண்டி எப்பக் கிளம்புச்சு, எப்ப வந்துச்சு, ஏன் லேட்டு, இதைக் கேக்கறதுதான் வேலை. ஆறு நாளும் டிரைவருங்க வரிசையா நின்னு என்கிட்டப் பொய் சொல்வாங்க. டயர் பஞ்சர்ம்பான் ஒருத்தன். பாலத்துல கூட்டம்பான் இன்னொருத்தன். அந்த ரூட்லயே பாலம் கிடையாது. இப்படி ஆறு நாள் கேட்ட காதுக்கு ஏழாவது நாள் லீவு வேணுமா வேணாமா? ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுட்டு ஃபேனுக்கு நேர் கீழ படுத்தேன்னா பொழுது சாய்ஞ்சுதான் எழுந்திருப்பேன். ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரர் என் மூக்குக்கிட்டக் கண்ணாடியைப் பிடிச்சு மூச்சு வருதான்னு பார்த்துட்டுப் போனாராம். அந்த மாதிரித் தூக்கம்.

என் சம்சாரத்துக்கு அந்தத் தூக்கம்தான் சக்களத்தி.

அவ தையல்காரி. டிப்போ யூனிஃபார்ம் அத்தனையும் எங்க வீட்டு முன்ரூம்லதான் தைக்கறது. ஒரு பட்டன் அறுந்தாலும் டிரைவருங்க "அக்கா"ன்னு வந்து நிப்பாங்க. என்கிட்டச் சொல்றது பூராப் பொய். அவகிட்டச் சொல்றது பூரா நிஜம். இந்த ஒரு விஷயத்தை நான் அப்பவே யோசிச்சிருக்கணும்.

ஒரு நாள் மறுபடி ஆரம்பிச்சா.

"ஏங்க, பழைய நீராவி ரயிலைத் தூசி தட்டி மறுபடி ஓட்டறாங்களாமே. தெருவே போய்ட்டு வந்துடுச்சு. நாமளும் போலாமா?"

"அடுத்த வாரம் போலாம்."

"போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க."

"எந்த வாரத்துல கேட்டாலும் அதுக்கு அடுத்த வாரம்னு ஒண்ணு வந்துடுதே. நான் என்ன பண்ணட்டும்?"

அவ தையல் மெஷினைத் தள்ளிக்கிட்டு வந்து என் தலைமாட்டுல போட்டு மிதிக்க ஆரம்பிச்சா. கடகடகடன்னு. நீராவி ரயிலே வீட்டுக்குள்ள வந்த மாதிரி.

மூணு வாரம் பொறுத்தேன். நாலாவது வாரம் ஒரு வீர முடிவு எடுத்தேன். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமையைப் பலி குடுக்கறது. மிச்சம் இருக்கற ஆயுசுக்கு எல்லா ஞாயித்துக்கிழமையையும் காப்பாத்திக்கறது.

"சரி, வர்ற ஞாயித்துக்கிழமை போலாம்"னேன்.

ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருந்தவ அப்படியே நிமிர்ந்தா. "நீங்களா பேசறது?"

"நானேதான். ஆனா ஒரு கண்டிஷன். போய்ட்டு வந்து அலுப்பா இருக்கு, காலு வலிக்குதுன்னு உன் வாயில வந்துச்சு, அதோட சரி. அப்புறம் எந்த ஞாயித்துக்கிழமையும் என்னை எழுப்பக் கூடாது."

"வரலன்னா?"

"வரலன்னா வாராவாரம் கூட்டிட்டுப் போறேன்!"

பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னேன். சொல்லிட்டுத் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டேன். ஜெயிக்கறது நிச்சயம் சார். ஏன்னா ரூட் போடறது நான். இருக்கறதுலயே படு மோசமான மூணு பஸ்ஸைப் பொறுக்கி எடுத்தேன். முதல் பஸ்ஸு டிரைவர் பேரு டிப்போவுல நத்தை. காரணம் சொல்ல வேண்டாம்னு நினைக்கறேன். ரெண்டாவது பஸ்ஸு கண்டக்டர் கொட்டாவி. அவன் கொட்டாவி விட்டு முடிச்சு விசில் ஊதறதுக்குள்ள ஸ்டாப்பு தாண்டிடும். மூணாவது பஸ்ஸு, ரெண்டாவது பஸ்ஸு மூலை திரும்பறது தெரிஞ்சதுமே கிளம்பிடும். அதைப் பத்திப் புகார் வராத நாளே இல்ல. எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும்.

"பதினேழாம் நம்பர் நேரா போகும்னு சொல்றாங்களே?"ன்னா.

"ஞாயித்துக்கிழமை ஓடாது"ன்னேன். கண்ணு இமைக்கல. டிரைவருங்ககிட்டக் கத்துக்கிட்டது. "மூணு பஸ் மாறணும்"னு சொல்லி மூணு நம்பரையும் ஒப்பிச்சேன். அவ கவனமாக் கேட்டுக்கிட்டா. ரொம்பக் கவனமா.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. ஸ்டாப்புல போய் நின்னோம். சுலபத்துல வராது, வெயில்ல நிக்கட்டும், முதல் அலுப்பு இங்கயே ஆரம்பிக்கட்டும்னு நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டு முடிக்கல, முன்னாடி பஸ் வந்து நிக்குது. கழுவித் துடைச்ச பஸ். உள்ளேர்ந்து நத்தை இறங்கி வந்து எனக்கு ஒரு சல்யூட் வைக்கறான். முகச்சவரம் வேற பண்ணியிருந்தான். அவனுக்கு மோவாய்ல ஒரு மச்சம் இருக்கறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

"என்னப்பா, கரெக்ட் டைமுக்கு வந்துட்ட?"

"என்னைக்கு சார் நான் லேட்டா வந்தேன்?"

ஸ்டாப்புல நின்ன ஒரு பெரியவரு என் சட்டையை இழுத்து, "தம்பி, இது நேத்து வர வேண்டிய பஸ்ஸா?"ன்னு கேட்டாரு.

ரெண்டாவது பஸ்ஸுல கொட்டாவி. ஒரு கொட்டாவி விடணுமே! வாயை இறுக்கி மூடிக்கிட்டு அடக்கறான், கண்ணுல தண்ணி வழியுது. ஒவ்வொரு ஸ்டாப்பு பேரையும் கல்யாணப் பத்திரிகை படிக்கற மாதிரி நிறுத்தி நிதானமாச் சொல்றான். பயணிங்க பயந்துபோய் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கறாங்க.

மூணாவது பஸ்ஸு எங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்குது சார். என் சர்வீஸ்ல அந்த பஸ்ஸு யாருக்காகவும் நின்னதில்ல. அந்த டிரைவர் ஒரு தடவை சொந்த மாமியாரையே விட்டுட்டுப் போனவன்.

நான் வாட்சைத் தட்டித் தட்டிப் பார்க்கறேன். அவளோ ஜன்னலோரமா உக்காந்துக்கிட்டு அதைப் பாருங்க, இதைப் பாருங்கன்னு கையைக் கையைக் காட்டிப் பேசிக்கிட்டே வர்றா. வெயில்ல காயற நூல்கண்டு, பாதி கட்டின வீடு, கயித்துல பிடிச்சு நாயைக் கூட்டிட்டுப் போறவரை நாய் கூட்டிட்டுப் போறது, எல்லாமே அவளுக்குச் சிரிப்பு. அவ பேசி, நான் முழிச்சிருந்து கேட்டு, எத்தனையோ காலம் ஆச்சு. நல்லாத்தான் பேசறா. அதை அன்னைக்கு நான் வெளிய காட்டிக்கல.

"காலு வலிக்குதா?"ன்னு கேட்டேன்.

"இல்லீங்க."

"லேசா?"

"உங்களுக்கு வலிக்குதா?"

எனக்கு வலிச்சுது. சொல்ல முடியுமா?

இங்க வந்து இறங்கினா, இதே எஞ்சின், இதே மாதிரி பெருமூச்சு விட்டுக்கிட்டு நிக்குது. எஞ்சின் டிரைவருக்குக் கோட்டுல தையல் விட்டு, கைப்பக்கம் தொங்குது. என் சம்சாரம் அதைப் பார்த்துட்டா. கிழிஞ்ச துணியைப் பார்த்தா அவளால சும்மா போக முடியாது. பையில ஊசி நூல் எப்பவும் இருக்கும். எஞ்சின் படியில ஏறி நின்னபடியே தைச்சுக் குடுத்தா. அவரு சந்தோஷப்பட்டு, "இந்தாம்மா, விசில் கயித்தை நீயே இழு"ன்னுட்டாரு.

இழுத்தா பாருங்க! குருவிங்க எல்லாம் கூரையை விட்டுப் பறந்துடுச்சு. அவ முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படி இல்ல. அப்பவே தெரிஞ்சுது, காலு வலின்னு ஒரு வார்த்தை இனிமே இந்த ஜென்மத்துல அவ வாயில வராதுன்னு.

அதோட போயிருந்தா பரவாயில்ல. வண்டி கிளம்பற நேரம் தாண்டியும் நின்னுச்சா, நான் பழக்க தோஷத்துல கடிகாரத்தைப் பார்த்து, "லேட்டு!"ன்னு சத்தமாச் சொல்லிட்டேன். ஸ்டேஷன் மாஸ்டர் வெடுக்குனு திரும்பினாரு.

"சார் யாரு?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள எஞ்சின்மேலேர்ந்து என் சம்சாரம் குரல் வருது. "அவரு டைம் கீப்பர்!"

"அடடா! ஞாயித்துக்கிழமை வந்து நேரம் பார்க்க ஒரு ஆளைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம். நாங்க எல்லாருமே இங்க ஆசைக்கு வந்து வேலை பார்க்கறவங்கதான். சாருக்கு ஞாயித்துக்கிழமை வேலை ஏதாவது...?"

"ஒண்ணும் கிடையாது. சும்மா படுத்துதான் கிடக்காரு!"

சாயங்காலம் வாசலுக்கு வந்தோம். பதினேழாம் நம்பர் நிக்குது.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை ஓடாத பஸ்ஸு ஓடுது பாருங்க"ன்னா.

நான் வேற பக்கம் பார்த்தேன். ஏறி உக்காந்தோம். பஸ் கிளம்பினப்புறம் கேட்டேன். "அந்த மூணு பேருகிட்டயும் என்ன சொன்ன?"

"மூணு பேருகிட்ட ஏன் சொல்லணும்? நத்தை பட்டன் தைக்க வந்தான். ஞாயித்துக்கிழமை இவரு இந்த மூணு பஸ்ஸுல வர்றாருப்பான்னேன். ஏன் அக்கா, திடீர் செக்கிங்கான்னான். நான் ஒண்ணும் சொல்லல. தைச்சுக்கிட்டே இருந்தேன்."

"என் திட்டம் எப்பத் தெரியும் உனக்கு?"

"நீங்களா வெளிய கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களே, அப்பவே."

"பதினேழு ஓடுதுன்னும் தெரியும்?"

"அந்தக் கண்டக்டருக்கும் நான்தானே சட்டை தைக்கறேன்."

"அப்புறம் ஏன் வாயை மூடிக்கிட்டு மூணு பஸ்ஸு ஏறின?"

"பதினேழுல வந்திருந்தா ஏறினதும் தூங்கியிருப்பீங்க. மூணு பஸ்ஸுன்னா இறங்கி இறங்கி ஏறணும். முழிச்சுக்கிட்டு என் பக்கத்துல உக்காந்திருப்பீங்கல்ல?"

ஆறு நாள் பொய் கேட்டுப் பழகின காது. நிஜம் கேட்டதும் மக்கர் பண்ணிடுச்சு.

அதுலேர்ந்து வாராவாரம் இங்கதான். ஆறு நாள் பஸ்ஸுக்கு டைம் பார்க்கறேன், ஏழாவது நாள் ரயிலுக்கு. தொப்பி குடுத்திருக்காங்க, கொடி குடுத்திருக்காங்க. வர்றப்ப மூணு பஸ்ஸு மாறித்தான் வர்றோம். இல்ல, அவ சொல்லி இல்ல. நான்தான் சொன்னேன். அதை அவகிட்டப் போய்ச் சொல்லிடாதீங்க.

அட, அங்க பாருங்க. உங்க வீட்டம்மா எஞ்சின் படியில ஏறிட்டாங்க. கயித்தைப் பிடிச்சுட்டாங்களா? பக்கத்துல நிக்கறது என் சம்சாரம்தான். சரி சார், அடுத்த ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்.

கேட்டீங்களா, விசில்? நீட்டா ஒண்ணு, குட்டையா ரெண்டு. வண்டி கிளம்பப் போகுதுன்னு எல்லாரும் ஓடறாங்க பாருங்க. அது வண்டிக்கு இல்ல சார். என் சம்சாரம் என்னைக் கூப்பிடறா.

வந்துட்டேம்மா!