தாலிப் மாமாவின் டிக்கியில் சிவப்புக் குறி

மதிப்பிற்குரிய தாலிப் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமியின் முழங்கால் வலி குறைந்திருக்கும், உங்கள் திராட்சைப் பந்தல் தழைத்திருக்கும் என்று நம்புகிறேன். மரியாதை முடிந்தது. நேற்றிலிருந்து நீங்கள் போனை எடுக்காததால், இதை உங்கள் ஊர் ரிஷ்தானுக்குப் போகிற டாக்ஸிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று மர்கிலானில், வண்டிகளுக்கு காஸ் நிரப்பும் மீத்தேன் பங்கில் உங்கள் டாக்ஸியைப் பார்த்தேன். காஸ் நிரப்பும்போது வண்டியில் யாரும் இருக்கக் கூடாதென்பதால், வழக்கம்போலப் பயணிகள் வாசலில் இறங்கி மறுபக்கம் நடந்துபோனார்கள். எங்கள் சிலிண்டர் சோதனைக் கூடம் பக்கத்தில்தானே, சலாம் சொல்லலாமென்று வந்தேன். நீங்கள் டிக்கியைத் திறந்தீர்கள். உள்ளே சிலிண்டர். அதன்மேல் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி! மாமா, இந்த ஊரில் அந்தக் குறியைப் போடுகிறவனே நான்தான். போன வருஷம் உங்கள் சிலிண்டரைத் தண்ணீர் அழுத்தத்தில் வைத்துச் சோதித்தேனே, ஞாபகமிருக்கிறதா? நல்ல சிலிண்டர் கொஞ்சம் விரியும், அழுத்தத்தை எடுத்தால் பழைய அளவுக்கு வந்துவிடும். உங்களுடையது விரிந்தபடியே நின்றது. ஆயுளும் முடிந்திருந்தது. இனி இது ஆகாது என்று குறி போட்டேன். துளை போடுவதற்குள், "மவ்லுதா கல்யாணத்துக்குப் பிலாவ் சோறு ஆக்க இதை அறுத்து அடுப்பு பண்றேன் மருமகனே, வண்டிக்குப் புதுசு வாங்கிக்கிறேன்" என்று தூக்கிக்கொண்டு போனீர்கள். நானும் நம்பினேன்!

சனிக்கிழமை என் தங்கை மவ்லுதா மணப்பெண்ணாக ஏறப்போவது இந்த வண்டியில். கார் டயரைப்போல நூறு மடங்கு அழுத்தம் அவள் முதுகுக்குப் பின்னால். "என்ன மாமா இது?" என்றால், நீங்கள் சிரிக்கிறீர்கள்.

"நீயே பயந்துட்டியா? அப்ப குறி நல்லாத்தான் வேலை செய்யுது!"

இது சிரிக்கிற விஷயமா?

"ஒரு நிமிஷம் கேளுடா, அந்தக் குறி..."

"ஒரு வார்த்தை பேசாதீங்க!"

அதற்குள் உங்கள் பயணிகளில் ஒருவரான ரொட்டிக் கூடைக்கார அம்மா வேலிக்கு அந்தப்பக்கமிருந்து கத்துகிறார்: "ஏம்ப்பா தம்பி, வெடிக்கிறதுன்னா சட்டுனு வெடிக்கச் சொல்லு, இல்லன்னா வண்டியை விடு! என் ரொட்டி காயுது!"

நான் யாருக்கும் காது கொடுக்கவில்லை. குறி கண்ணெதிரே நிற்கும்போது சிலிண்டரின் கழுத்தில் பொறித்த எண்ணைக் குனிந்து வேறு படிக்க வேண்டுமா? பங்க் ஆட்களைக் கூப்பிட்டு, காஸைத் திறந்துவிட்டு, சிலிண்டரைக் கழற்றி, கூடத்துக்கு உருட்டிப்போய் மூன்று துளை போட்டேன். இனி அதை யாராலும் நிரப்ப முடியாது. நீங்கள் என்னைத் திட்டிக்கொண்டே வண்டியைப் பெட்ரோலில் ஓட்டிப் போனீர்கள். திட்டுங்கள், பரவாயில்லை. என் தங்கை பிழைத்தாள்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். சிலிண்டர்களுக்குத் தர வேண்டாம்.

உங்கள் மருமகன்,
எல்யோர்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் மாமி இங்கே சோதனைக் கூடத்துக்கு வந்து இறங்கினார், கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில், புது அடுப்போடு. அருமையான அடுப்பு. அதன் பக்கவாட்டில் பாதி கருகிய சிவப்புக் குறி. குனிந்து எண்ணைப் படித்தேன். போன வருஷத்துச் சிலிண்டர்.

"அப்போ வண்டியில இருந்தது?" என்றேன்.

"புதுசுதான். எங்க தெருவுல எல்லா வண்டியிலும் சிலிண்டரைத் திருடிட்டானுங்க. உன் மாமாதான் மூளையைக் கசக்கி, உன் குறியைப் பார்த்துப் புதுசு மேல வரைஞ்சு வச்சார். உதவாத சிலிண்டர்னு நினைச்சு திருடன் கிட்டயே வரல. உங்கிட்ட சொல்லலையா?"

சொல்ல வந்தீர்கள்.

மாமா, சனிக்கிழமை பெட்ரோல் நான் போடுகிறேன். தயவுசெய்து போனை எடுங்கள். மாமி இப்போது உங்கள் புதுச் சிலிண்டரில் நான் போட்ட மூன்று துளையையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "காத்து நல்லாப் போகும், இதுலயும் ஒரு அடுப்பு பண்ணிடலாம்" என்கிறார்.