அட்வான்ஸ் வேண்டாம், அம்மா நம்பர் கொடு

உளவுத்துறை என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒன்று இருக்கிறதாம். அவர்கள் எல்லோரும் கொஞ்ச நாள் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வந்து டப்பா அக்காவிடம் டியூஷன் படித்துவிட்டுப் போகலாம். அக்காவிடம் இருந்தது கண்ணாடி கீறிய ஒரு போனும், அலமாரி நிறைய எவர்சில்வர் டப்பாக்களும்தான். அவற்றை வைத்துக்கொண்டே தாம்பரம் வட்டாரத்தில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த அத்தனை பிரம்மச்சாரிகளின் வயிறு, தூக்கம், காதல், காய்ச்சல் எல்லாவற்றையும் விரல் நுனியில் வைத்திருந்தாள்.

அக்காவுக்கு நிஜப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டைப் பார்த்தால் தெரிந்திருக்கும். பிறந்தது அனகாபுத்தூர். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டினார். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பு ஓடியது அக்காவின் அடுப்பில். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெருவில், ஒரு மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷனை வாடகைக்கு எடுத்து, மதியச் சாப்பாடு சமைத்து டப்பாவில் அனுப்புவாள். வீட்டுச் சாப்பாடு என்றால் நிஜமாகவே வீட்டுச் சாப்பாடு. ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருக்கும், அதன் எதிரே முப்பது நாற்பது டப்பாக்கள் வாயைப் பிளந்துகொண்டு சீரியல் பார்க்கும்.

நான் அங்கே சாப்பாட்டுக்குச் சேரப் போன அன்று, விவரம் தெரிந்தவன் போலக் கேட்டேன்.

"அட்வான்ஸ் எவ்ளோக்கா?"

"அட்வான்ஸ்லாம் வேணாம். ஒங்கம்மா நம்பர் குடு."

"அம்மா நம்பரா? எதுக்கு?"

"டப்பா திரும்பி வரணும்ல? துட்டு குட்த்தவன் டப்பாவ மறந்துடுவான். அம்மா நம்பர் குட்த்தவன் மறக்கவே மாட்டான்."

அக்காவைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்களுக்கு எதிரி போட்டிக் கடை இல்லை, திரும்பி வராத பாத்திரம்தான். ஆரம்பத்தில் அட்வான்ஸ் வாங்கிப் பார்த்திருக்கிறாள். ஒருவன் அறையைக் காலி செய்தபோது டப்பாவும் அவனோடு ஊருக்குப் போய்விட்டது. இன்னொருவன் அதில் ஸ்குரூவும் ஆணியும் போட்டு வைத்திருந்தான். மூன்றாமவன் அதில் தண்ணீர் பிடித்து ஷேவ் செய்வதை அக்காவே நேரில் பார்த்துவிட்டாள். அன்றைக்குத்தான் அம்மா நம்பர் திட்டம் பிறந்தது. அதற்குப் பிறகு ஒரு மூடிகூடத் தொலைந்தது இல்லை.

டப்பா திரும்பி வந்ததும் விஷயம் முடிந்தால் பரவாயில்லை. திரும்பி வந்த டப்பாவை அக்கா கையில் தூக்கிப் பார்ப்பாள். கனமாக இருந்தால் திறந்து பார்ப்பாள். திறந்து பார்த்தால் போன் போடுவாள். நான் மதியம் பீர்க்கங்காய்க் கூட்டை ஒதுக்கினால், சாயங்காலம் சாத்தூரிலிருந்து என் அம்மாவின் குரல் வரும்.

"ஏன்யா, பீர்க்கங்காய மிச்சம் வச்சியாமே? என்ன, வயிறு சரியில்லையா? இல்ல வெளிய எங்கயாச்சும் தின்னியா?"

வெளியேதான் தின்றிருந்தேன். அதையும் அக்கா சொல்லியிருந்தாள்.

தொழில் என்று பார்த்தால் அக்காவுக்குத் தினமும் ஒரு கண்டம். அடுப்பு போதாமல் ஒரு இண்டக்‌ஷன் ஸ்டவ்வும் வைத்திருந்தாள். அது ஓடும்போது மிக்ஸியைப் போட்டால் கரண்ட் டிரிப் ஆகிவிடும். மாடியில் ஓனர் சாரின் டிவியும் சேர்ந்து அணையும். "மறுபடியுமா?" என்று ஒரு குரல் மாடியிலிருந்து இறங்கி வரும். தக்காளி விலை ஏறினால் புளியை வைத்துச் சமாளிப்பாள், புளியும் ஏறினால் எலுமிச்சம்பழத்துக்குப் போவாள். டெலிவரிக்குத் தனி ஆள் கிடையாது. கணவரின் ஷேர் ஆட்டோவில் பயணிகளோடு பயணிகளாக டப்பாக்களும் போகும். "சார், இத்த கொஞ்சம் மடில புட்ச்சிக்கோங்க, ரசம் கீது" என்பார் அவர். சேலையூர் தாண்டி ஒரு ஸ்பீட் பிரேக்கரில், வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மனிதரின் வெள்ளைச் சட்டை மிளகு ரசத்தில் நனைந்தது. அவர் கோபப்படவில்லை. சட்டையை மோந்து பார்த்துவிட்டு, மறுநாளே தன் அம்மா நம்பரைக் கொடுத்துச் சேர்ந்துகொண்டார்.

போனில் அக்கா இரண்டு குரூப் வைத்திருந்தாள். ஒன்று சாப்பிடுகிற எங்களுக்கு, இன்னொன்று எங்களைப் பெற்றவர்களுக்கு. அக்கா எழுத மாட்டாள். எல்லாமே குரல் பதிவுதான், பின்னணியில் குக்கர் விசிலோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அடுத்த வாரம் இன்னா காய் போடட்டும், சொல்லுங்கோ" என்று எங்களைக் கேட்க நினைத்து, கை தவறி அம்மாக்களின் குரூப்பில் கேட்டுவிட்டாள்.

நாட்டில் எந்தத் தேர்தலிலும் அப்படி ஓட்டு விழுந்ததில்லை. தேனி அம்மா பூச்சிக்கு நல்லது என்று பாகற்காய். ஈரோட்டு அம்மா கல்லடைப்புக்கு வாழைத்தண்டு. நாகர்கோவில் அம்மா சுண்டைக்காய். என் அம்மா, "கொள்ளு ரசம் வைங்க, இவனுக்குத் தொப்பை போடுது" என்று பகிரங்கமாக அறிவித்துவிட்டாள். அந்த வாரம் எங்களுக்கு நடந்தது சாப்பாடு இல்லை, வைத்தியம். நண்பன் ஒருவன் பாகற்காயைத் தெரு நாய்க்கு வைத்துப் பார்த்தான். அது மோந்து பார்த்துவிட்டு அவனைப் பாவமாகப் பார்த்தது. அக்காவிடம் முறையிட்டோம்.

"நீங்க துன்றவங்க. ஓட்டுப் போடறது அவங்கோ" என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு எல்லா வாரமும் அந்த குரூப்பிலேயே கேட்க ஆரம்பித்தாள்.

இப்படி நாளொரு கொள்ளும் பொழுதொரு சுண்டைக்காயுமாகப் போய்க்கொண்டிருந்தபோது எனக்கு வேலை போனது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு அம்மணி சிரித்துக்கொண்டே நன்றி சொன்னார், அவ்வளவுதான். ஊருக்குச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அப்பா போன பிறகு அம்மா தெருவெல்லாம் என் வேலையைச் சொல்லித்தான் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள். அதனால் காலையில் வழக்கம்போல் குளித்து, ஷூ போட்டுக்கொண்டு கிளம்பித் தாம்பரத்தைச் சுற்றிவிட்டு வருவேன். மதியம் டப்பாவை நானே போய் வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் நாளே அக்கா வாசலில் மறித்தாள்.

"இன்னா தம்பி, வேலை நாள்ல நீயே வந்துகினு கீற?"

"வொர்க் ஃப்ரம் ஹோம்க்கா."

அக்கா என் காலைப் பார்த்தாள். "வூட்டுல ஒக்காந்து வேலை செய்றதுக்கு ஷூ இன்னாத்துக்கு?"

உளவுத்துறையிடம் யார் தப்பிக்க முடியும்? உண்மையைச் சொன்னேன். அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கும்பிட்டேன். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "உள்ள வா. வெங்காயம் உரி" என்றாள். அன்றிலிருந்து பகலில் எனக்கு அங்கேதான் உத்தியோகம். வெங்காயம் உரிப்பதில் ஒரு வசதி உண்டு. கண்ணில் தண்ணீர் வந்தால் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம்.

ஆனாலும் தினமும் சாயங்காலம் போன் அடித்தால் கடைசி மணி வரை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பீர்க்கங்காயையே மறைக்காதவள் வேலை போனதையா மறைக்கப் போகிறாள்?

அந்த சமயத்தில்தான் அக்காவின் தலையிலேயே இடி விழுந்தது. நாற்பது பேருக்கு வடித்த கஞ்சியும், கழுவிய பருக்கையும் சேர்ந்து சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டது. தண்ணீர் பொங்கி, வாசலில் நின்ற ஓனர் சாரின் காருக்கு அடியில் குளமாகிவிட்டது. அந்தக் கார் ஓடி நான் பார்த்ததில்லை. உறை போட்டு, தினமும் உறையைத் துடைப்பார். ஓனர் சார் எழுபதைத் தொட்டவர், மனைவி காலமாகி மாடியில் தனியாக இருந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"இந்தாம்மா, வீடு குடுத்தது குடியிருக்க. ஹோட்டல் நடத்த இல்ல. கரண்ட் டிரிப் ஆகுது, லீவு நாள்ல சாப்பாடு வாங்க வர்ற பசங்க பைக்கா கேட்ல நிக்குது, இப்ப சாக்கடை வேற. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க."

அக்கா வீடு தேடிக் கிளம்பினாள். செம்பாக்கம், மாடம்பாக்கம், கேம்ப் ரோடு என்று அலைந்தாள். துணைக்கு, வேலையில்லாத நான். எல்லா இடத்திலும் ஒரே பேச்சு.

"எத்தனை பேரும்மா நீங்க?"

"மூணு பேரு சார்."

"நல்லது. சாமான் நிறைய இருக்குமோ?"

"ஒரு பீரோ, ஒரு கட்டில், நாலு அண்டா..."

"மூணு பேருக்கு எதுக்கும்மா நாலு அண்டா?"

அங்கே பேச்சு முடிந்துவிடும். அண்டாவை மறைத்தால் வீடு கிடைக்கும், ஆனால் எத்தனை நாள் மறைப்பது? அண்டா இல்லாவிட்டால் தொழில் இல்லை. தொழில் இல்லாவிட்டால் மகள் படிப்பைப் பாதியில் நிறுத்த வேண்டும். வெயிலில் நடந்து திரும்பும்போது அக்கா பேசவே இல்லை. எந்நேரமும் பேசிக்கொண்டே இருப்பவள் சும்மா நடந்து வந்தது எனக்குத் தாங்கவில்லை.

சேதி குரூப்பில் பரவியது. தேனி முதல் நாகர்கோவில் வரை அம்மாக்கள் கொதித்தெழுந்தார்கள். ஓனர் நம்பரைக் கொடு, நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்றார்கள். அக்கா குரல் பதிவு போட்டாள். "வேணாம்மா. ஊரான் வூட்டு அம்மா திட்டினா மனுசனுக்குக் கோவம்தான் வரும். வுடுங்க, நான் பாத்துக்கறேன்."

மாதம் முடியப் போகிற ஒரு மதியம், ஓனர் சார் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போக இறங்கி வந்தார். நான் வெங்காயக் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன்.

"என்னம்மா, வீடு பாத்தாச்சா?"

"ஒரு நிமிசம் சார். ஒங்களுக்குத்தான் போன்" என்று அக்கா தன் போனை நீட்டினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"டேய் பெரியவனே!" என்றது போன்.

எழுபது வயது ஓனர் சாரின் கை தானாகப் போய் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டது. "அம்மா?" என்றார். அவருக்கு அம்மா இருக்கிறார் என்பதே அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. பல்லாவரத்தில் இளைய மகன் வீட்டில் இருக்கிறாராம். அண்ணனைப் பார்க்க வந்த அந்தத் தம்பியை வாசலில் நிறுத்தி, ஒரு கிண்ணம் வத்தக்குழம்பு கொடுத்து நம்பரை வாங்கியிருந்தாள் அக்கா.

"கீழ கீற பொண்ண காலி பண்ணச் சொன்னியாமே?"

"சாக்கடை அடைச்சுக்குதும்மா. கார் நனைஞ்சு..."

"ஓட்டாத காரு நனைஞ்சா இன்னா, காஞ்சா இன்னா? அத்த வுடு. இன்னைக்கு மத்தியானம் இன்னாடா சாப்ட்ட?"

ஓனர் சார் மாடியைத் திரும்பிப் பார்த்தார்.

"பிரெட்டுதான? குப்பைல தெனம் பிரெட்டு கவர்தான் வருதாமே. அவ போனதுலேர்ந்து இப்டித்தான் துன்னுகினு கீறியா? எங்கிட்ட சாம்பார் வெச்சேன், ரசம் வெச்சேன்னு தெனம் கதை வுட்ற! கீழ ஊருக்கே சோறு வேவுது, மேல எம்புள்ள பிரெட்டு துன்றான்!" கிழவியின் குரல் உடைந்தது. பிறகு சமாளித்துக்கொண்டது. "நாளைலேர்ந்து ஒனக்கும் டப்பா வரும். அட்வான்ஸ் வேணாமாம். என் நம்பர குட்த்துட்டேன்."

ஓனர் சார் போனை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். காரின் உறையை ஒரு பக்கம் இழுத்துச் சரிசெய்தார். "குழாய்க்கு ஒரு ஜல்லடை போட்டுடணும். பைக் எல்லாம் தெருமுனையில நிக்கணும்" என்றார். படியேறப் போனவர் திரும்பி, "எனக்குக் காரம் கம்மியா" என்றார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா அண்டாவின் மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். மகளுக்கு போன் போட்டு, "நீ ஒயுங்கா படி, வேற ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

அன்று சாயங்காலம் என் போன் அடித்தது. அம்மா.

"ஏன்யா, அக்கா இப்பத்தான் பேசுச்சு."

முடிந்தது கதை என்று நினைத்தேன். வந்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள்.

"வீட்டுக்காரரு காலி பண்ணச் சொன்னதுக்கு நீதான் முன்னால நின்னு பேசுனியாமே? ஆபீசுக்கு லீவு போட்டுட்டு வந்து நின்னியாமே? எம்புள்ள மாதிரி நின்னுச்சும்மான்னு சொல்லி அழுதுச்சுய்யா. பெத்த வயிறு குளுந்துபோச்சு எனக்கு."

நான் அங்கே செய்ததெல்லாம் வெங்காயக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

"லீவு போட்டதுக்கு ஆபீசுல ஒண்ணும் சொல்லலையே?"

"இல்லம்மா. ஒண்ணும் சொல்லல" என்றேன்.

கொஞ்ச நாள் கழித்து எனக்குப் பெருங்குடியில் வேலை கிடைத்தது. அந்தச் சேதியைச் சொல்ல நான் முதலில் போன் போட்டது சாத்தூருக்கு இல்லை.