அதிகாரிக்குச் சிவப்பு அட்டை

பிள்ளைகளுக்குப் பொறுமை படிப்பிக்கும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, அந்த ஆளுக்குப் பொறுமை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. என்னிடமும் கேட்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் கண்டாவளைப் பக்கம் ஒரு பாடசாலையில் உளவளத்துணையாளராக இருந்தேன். பயிற்சி முடித்துவந்த புதிது. (கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும்.) கவனக்குறைபாடும் மிகைத்துடிப்பும் உள்ளவர்கள் என்று வைத்தியர் சொன்ன, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சிலரைக் கிழமைக்கொரு தடவை குழுவாக இருத்திப் பழக்குவது என் வேலை. பாடசாலையில் அவர்களுக்கு வேறு பெயர்: குழப்படிக் கூட்டம்.

நான் பழக்கியது இதுதான். கோபமோ பயமோ வந்தால், மனதில் என்ன எண்ணம் ஓடுகிறது என்று பார்க்கவேண்டும். அது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கவேண்டும். அதற்குப் பிறகுதான் கையையோ வாயையோ நீட்டலாம். ஒருவர் கதைக்கும்போது குறுக்கிடுபவருக்குச் சிவப்பு அட்டை காட்டலாம். பெரியவர், சின்னவர் பேதமில்லை. (அந்தப் 'பேதமில்லை' என் சொந்தச் சரக்கு. அதில் எனக்குப் பெருமை வேறு.)

கீர்த்தனா என்றொரு பிள்ளை. வாயும் ஓயாது, காலும் ஓயாது. அவள் தன் முறை வரும்வரை கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கப் பழகியிருந்தாள். அதற்கு எத்தனை மாதம் பிடித்தது என்பது எனக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

பாடசாலை நேரத்தில் இந்தக் குழு தேவைதானா என்று பார்த்து முடிவு சொல்ல ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. அதிபர் காலையிலேயே பதறினார்.

"மிஸ், அவர் வரேக்க ஒரு பிள்ளையும் அசையக் கூடாது. இப்பவே இருத்தி வையுங்கோ."

அசையாமல் இருக்க முடியாததால்தான் அந்தப் பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். இதை நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னது, "ஓம் சேர்."

அதிகாரி அதிபரோடு வந்தபோது இடைவேளை மணியும் அடித்து ஓய்ந்திருந்தது. பிள்ளைகளை வெளியே விடவில்லை. அதிகாரி கதிரையில் சாய்ந்து, "ம், தொடங்குங்கோ" என்றார்.

கீர்த்தனா எழும்பினாள். "வகுப்பில என்னை விசரி, பைத்தியம் எண்டு சொல்லுவினம். முந்தி நான் அடிப்பன். இப்ப..."

அதிகாரியின் போன் அடித்தது. எடுத்தார். "ஒரு கிடாய் காணாது, ரெண்டு வேணும், சம்பந்தி பக்கம் கன சனம் வரும்" என்று மண்டபம் அதிரக் கதைத்தார். கீர்த்தனா கதிரையைப் பிடித்தபடி நின்றாள்.

போனை வைத்துவிட்டு, "சொல்லும் பிள்ளை" என்றார்.

"இப்ப நான்..."

திரும்பவும் போன். திரும்பவும் கிடாய்.

கீர்த்தனா சிவப்பு அட்டையை உயர்த்தினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உயர்த்தினார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை, ஒருவரும் ஓடவில்லை. நான் பழக்கியது அவ்வளவும் அச்சொட்டாக நடந்தது.

சத்தம் போட்டது நான். "கையைக் கீழ விடுங்கோ! வாயை மூடிக்கொண்டு இருங்கோ!" (வாய் திறந்திருந்தது என்னுடையது மட்டுந்தான்.)

கீர்த்தனா என்னை அக்கறையோடு பார்த்தாள். "மிஸ், இப்ப உங்கட மனசில என்ன எண்ணம் ஓடுது?"

குழுவில் பொய் சொல்லக் கூடாது என்ற பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது: "என்ர வேலை போகப்போகுது எண்டு."

"அது உண்மையெண்டதுக்கு என்ன ஆதாரம்?"

ஆதாரம் போனைக் கையில் பிடித்தபடி, முகம் கறுத்து, என் முன்னால் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பிள்ளைகளும் பார்த்தார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அதிபருடையது என்றுதான் இன்றுவரை என் சந்தேகம்.

"பிள்ளையளுக்கு மரியாதை காணாது. பழக்கிற ஆளுக்கும் காணாது" என்று சொல்லி அதிகாரி எழும்பிப் போய்விட்டார்.

என் வேலை போகவில்லை. முல்லைத்தீவுப் பக்கம் மாற்றினார்கள், அவ்வளவுதான். போனது குழு.

பிறகொருநாள் கிளிநொச்சிச் சந்தையில் கீர்த்தனாவின் அம்மாவைக் கண்டேன். கத்தரிக்காய் பொறுக்கியபடியே, "இப்ப ஒரு பிரச்சினையும் இல்லை மிஸ். வகுப்பில வாயே திறக்கிறேல்லையாம். ரீச்சர்மாருக்கு நல்ல சந்தோசம்" என்றார். நானும் சந்தோசம் என்றுதான் சொன்னேன்.

இப்போதும் எங்கள் வீட்டில் நான் எதற்காவது புலம்பத் தொடங்கினால், என் கணவர் குரலைச் சின்னப்பிள்ளைபோல மாற்றி, "மிஸ், அது உண்மையெண்டதுக்கு என்ன ஆதாரம்?" என்பார். விருந்துக்கு வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தக் கேள்வியை இப்போது அவர் மட்டுந்தான் கேட்கிறார்.