அரைக்கிலோ பாய் கற்ற இங்கிலீஷ்

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையைக் கற்றுக்கொண்டு, அதற்காக ஊரையே பகைத்துக்கொண்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். மாமல்லபுரத்தில் கறிக்கடை வைத்திருந்த அரைக்கிலோ பாய். யாராவது கால் கிலோ கேட்டால், "இன்னாபா, வூட்ல பூனைக்கா?" என்று சீறிவிட்டு, அரைக்கிலோவாகத்தான் கட்டிக் கொடுப்பார்.

எழுபதுகளில் நான் அங்கே ஓர் ஆபீசில் குமாஸ்தா. அவர் கடை மாடியில்தான் குடியிருந்தேன். ஒருநாள் காலையில், கழுத்து நிறைய மணிமாலை போட்ட வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, கடை வாசலில் கட்டியிருந்த கிடாவைப் பார்த்துக் கண்ணீர் விட்டாள். பேரம் பேசாமல் வாங்கினாள். ஓட்டிக்கொண்டு போவாள் என்று பார்த்தால், கயிற்றைப் பாய் கையிலேயே கொடுத்து, "லுக் ஆஃப்டர், ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டுப் பாண்டிச்சேரி பஸ் ஏறிவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆட்டைக் காப்பாற்ற அவளுக்குக் கிடைத்த ஆள், கையில் கத்தியோடு நின்ற பாய்!

"சார், லுக் ஆஃப்டர்னா இன்னா?"

"பத்திரமா பாத்துக்கணும்னு அர்த்தம், பாய்."

பாய் முகம் வெளுத்துப்போனது. "அமானிதமா? நம்பிக் குட்த்த பொருளுக்கு நாளிக்கு அல்லாகிட்ட பதில் சொல்லணுமே! எத்தினி நாளிக்காம்?"

"அதைச் சொல்லலியே!"

கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்று முதல் ஆட்டுக்கு ராஜ மரியாதை. மழை வந்தால் ஆடு கடைக்குள்ளே, பாய் வெளியே. மாடிப்படியில் காயப்போட்ட என் ஆபீஸ் சட்டையை அது தின்றுவிட்டது. நியாயம் கேட்கப் போனால், "சட்ட போனா வாங்கிக்கலாம் சார், அது வவுறு இன்னாத்துக்கு ஆவறது?" என்று என்னிடமே பாய்ந்தார்.

பக்ரீத் நெருங்கியது. ஆடு கன்றுக்குட்டி மாதிரி கொழுத்திருந்தது. செங்கல்பட்டு மண்டிக்காரரான அவருடைய மச்சானே காரில் வந்து இறங்கினார்.

"இன்னா வெலன்னாலும் சொல்லு மச்சான். குர்பானிக்கு இதான் வேணும்."

"லுக் ஆஃப்டர்!" என்று கத்தினார் பாய்.

"அவ வரவே மாட்டா மச்சான்."

"வராட்டி இன்னா? சொல்ட்டுப் பூட்டாளே!"

மச்சான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பாய்க்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். பாய் மனசு மாறிவிடுவாரோ என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பக்ரீத் அன்று ஆடு கடை வாசலில் படுத்து நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் வரவேயில்லை. எனக்குத்தான் செங்கல்பட்டுக்கு மாற்றல் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பாய் ஆட்டோடு வந்தார். உப்புக்கண்டம் ஒரு பொட்டலம் என் மடியில் வைத்தார். எடை கேட்கவே வேண்டாம். அப்புறம் பஸ்ஸே நடுங்கும்படி, என்னைக் காட்டிக் கண்டக்டரிடம் கத்தினார்:

"அண்ணாத்த! லுக் ஆஃப்டர்!"

கண்டக்டர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வார்த்தையைப் பாய் அதுவரை அந்த ஆட்டைத் தவிர வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.