கை கழுவாதவள்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பஸ் டிரைவருக்கு இன்சுலின் ஊசிதான் பேய். டாக்டர் ஊசி என்று எழுதிவிட்டால் டிப்போவில் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கட்டிலுக்கடியில் ஒளித்த டப்பாவிலிருந்து இனிப்பு மட்டும் இறங்கியது.

ஆஸ்பத்திரியிலோ புது ஏற்பாடு. சர்க்கரைக்காரர் படுக்கையில் விழும்வரை காத்திருக்க மாட்டார்களாம். வீட்டுக்கே ஒரு மெஷின் கொடுத்தார்கள். திங்கட்கிழமைதோறும் சோப்புப் போட்டுக் கை கழுவி விரலில் குத்தினால், எண் தானாக நர்ஸம்மாவுக்குப் போய்விடும். ஏறினால் உடனே அழைப்பு.

டிரைவர் யோசித்தார். கைப்பிடித்த மனைவி எதற்கு இருக்கிறாள்?

"உன் விரலக் காட்டு."

"சர்க்கரை உங்களுக்குத்தானே?"

"நான் வேற நீ வேறயா?"

மூன்று மாதம் விரல் நீட்டினாள். 98, 104, 101. நர்ஸம்மா போனில் பாராட்டினார். "எல்லாம் வாய்க்கட்டுதாம்மா" என்றார் டிரைவர், வெட்கமே இல்லாமல். செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் அவர் தெருவில் நடந்து வருவதை மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சொன்னால் எரிந்து விழுந்தார். அவளும் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை மெஷின் 412 காட்டியது.

"என்னடி தின்னே?"

"நீங்க தின்னதுதான் என் விரல்ல வருதோ என்னவோ."

அவர் மெஷினை அணைப்பதற்குள் நர்ஸம்மா கூப்பிட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவருடைய சொந்த விரலையே குத்தினார்கள். மூன்று மாதச் சராசரியும் பார்த்தார்கள். அதற்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. டாக்டர் ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டார்.

"தெரியுதா?"

"தொட்டுட்டீங்களா டாக்டர்?"

பிரேக் மிதிக்கிற கால்.

"இப்படியே விட்டிருந்தா புண்ணு வந்தாக்கூடத் தெரிஞ்சிருக்காது. அப்புறம் காலையே எடுக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் ஊசியும் எழுதினார், ஓய்வும் எழுதினார்.

வீட்டில் டிரைவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவமானத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

"பஸ் போச்சு. நாளைக்குக் காலும் போகும். அப்புறம் நீயும் என்னைக் கை கழுவிடுவே."

"அன்னைக்குக் கை கழுவியிருந்தாத்தான் கால் போயிருக்கும்."

"என்னது?"

"இனிப்பு ஒட்டின விரலக் குத்தினா எண் எகிறும்னு நர்ஸம்மா சொன்னாங்கல்ல? உங்க கட்டிலடி டப்பாவுல விரல விட்டுட்டு, கழுவாம வந்து நீட்டினேன்."

மனைவி மெஷினை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. இனிமே உங்க விரல்."

அவர் எழுந்தார். பழக்கதோஷம், கண் கட்டிலுக்கடியில் போனது.

"தேடாதீங்க. அதையும் கழுவிக் கவுத்தாச்சு."